பக்கத்துல உக்கார்றவ

தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். இரவு பதினோரு மணி. வாசலில் செக்யூரிட்டி அண்ணன் என்னை நிறுத்தி நோட்டை நீட்டினார். மேலே மூன்றாவது மாடியில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்திருந்தது. அவள் புருஷன் அதற்குள் நாலு தடவை போன் போட்டுவிட்டான்.

"நீ இன்னா உறவும்மா?"

"உறவு இல்லண்ணே. துணைக்கு வந்திருக்கேன்."

"அத்தான் கேக்குறேன், இன்னா உறவு?"

நோட்டில் நாலு கட்டம். பெயர், நோயாளி பெயர், நேரம், உறவு. நாலாவது கட்டத்தில் 'சித்தி' என்று எழுதிவிட்டு மாடிப்படி ஏறினேன்.

இந்த வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அந்தக் கட்டத்தில் அக்கா, அத்தை, நாத்தனார் எல்லாம் எழுதியிருக்கிறேன். 'டூலா' என்று எழுதியது ஒரே ஒரு தடவை. அன்றைக்கு மேனேஜரைக் கூப்பிட்டார்கள், அவர் டாக்டரைக் கூப்பிட்டார், இருபது நிமிஷம் போய்விட்டது. வலியில் கிடக்கிறவளுக்கு இருபது நிமிஷம் என்றால் ஐந்தாறு வலி. அந்த ஐந்தாறு வலியையும் அவள் தனியாகத் தாங்கினாள். அதற்கப்புறம் நான் அந்தச் சொல்லை எழுதுவதில்லை.

டூலா கிரேக்கச் சொல். பழைய அர்த்தம் பணிப்பெண், அடிமைப்பெண். டானா ரஃபேல் என்ற அமெரிக்க மானுடவியலாளர், பிள்ளை பெற்றவளுக்குப் பக்கத்தில் இருந்து அவளைத் தேற்றி, பால் கொடுக்கப் பழக்குகிற பெண்ணைக் குறிக்க இந்தச் சொல்லை எடுத்தார். பிறகு பிரசவ அறைத் துணைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அடிமை என்ற வேர் எனக்குப் பிடிக்கவில்லை. பேறுகாலத் துணை என்றுதான் என்னைச் சொல்லிக்கொள்வேன். அதற்கும் முன்னால் எங்கள் வீட்டில் இதற்கு ஒரு பேர் இருந்தது.

எங்கள் ஆயா, பாட்டியைத்தான் அப்படிக் கூப்பிடுவோம், காசிமேட்டுக்காரி. விடிகாலையில் கூடையோடு கிளம்பி வண்ணாரப்பேட்டை வரைக்கும் மீன் விற்றுவிட்டு வருவாள். தெருவில் யாருக்கு வலி எடுத்தாலும் ஆயாவுக்கு ஆள் வரும். பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி வேறொரு அம்மா. ஆயாவின் இடம் தலைமாடு. வலி வரும்போது நெற்றியைப் பிடிப்பாள், வலி விட்டதும் தண்ணீர் கொடுப்பாள், பயந்துபோன புருஷனைச் சுடுதண்ணீர் வைக்க அனுப்புவாள். "நீ மருத்துவச்சியா ஆயா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "இல்ல கண்ணு. அவ பிரசவம் பாக்குறவ. நான் பக்கத்துல உக்கார்றவ" என்றாள். என் வேலையை இதைவிட நன்றாக யாரும் எனக்கு விளக்கியதில்லை, காசு கட்டிப் படித்த பயிற்சி வகுப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பிறகு எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கினார்கள். போக வேண்டியதுதான். 1844-இல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையும் ராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியும் இல்லையென்றால் எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டில் தாயில்லாமல் பிள்ளைகள் வளர்ந்திருக்கும்! ரத்தப்போக்கு, ஜன்னி, குறுக்கே கிடந்த பிள்ளை என்று வீட்டிலேயே செத்துப்போனவர்களின் கதை ஆயாவிடம் ஏராளம் உண்டு. அவளே சொல்வாள், ஆஸ்பத்திரி சாமி மாதிரி என்று. 2019-21-இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனையில் நடந்தது. இது சாதாரண சாதனை இல்லை. அதே கணக்கெடுப்பில் 44.9 சதவீதம் சிசேரியன் என்றும் இருக்கிறது.

சிசேரியனை நான் ஒருநாளும் தோல்வி என்று சொல்ல மாட்டேன். உயிர் காக்கும் ஆபரேஷன் அது. அறுத்துப் பிள்ளை எடுத்தவளும் பெற்றவள்தான். எனக்கு மனத்தாங்கல் வேறு. ஆஸ்பத்திரிக்கு மாறியபோது மருத்துவச்சியின் இடத்துக்கு டாக்டரும் நர்சும் வந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்தவளின் இடத்துக்கு யாரும் வரவில்லை. ஆயா வாசலோடு நின்றுவிட்டாள்.

உள்ளே போனால் நான் என்ன செய்கிறேன்? முதலில் செய்யாததைச் சொல்லிவிடுகிறேன். பிரஷர் பார்ப்பதில்லை, ஊசி போடுவதில்லை, கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கை வைத்துப் பார்ப்பதில்லை, டாக்டர் சொன்னதற்கு எதிர்ப்பேச்சு பேசுவதில்லை. வலி வரும்போது இரண்டு உள்ளங்கையாலும் இடுப்பெலும்பை இரண்டு பக்கமும் உள்நோக்கி அழுத்திப் பிடிப்பேன். பிள்ளை மல்லாந்து திரும்பியிருந்தால் அம்மாவுக்கு முதுகு பிளக்கிற மாதிரி வலிக்கும். அப்போது நடுமுதுகுக்குக் கீழே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஊன்ற வேண்டும், விடக் கூடாது, கை மரத்தாலும் வலி முடியும்வரை விடக் கூடாது. நடக்க வைப்பேன், முட்டிபோட வைப்பேன், களைத்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து முழங்காலுக்கு நடுவே தலையணை வைப்பேன். மணிக்கொரு தடவை ஒண்ணுக்குப் போகச் சொல்வேன், நிறைந்த மூத்திரப்பை பிள்ளை இறங்குகிற வழியை அடைக்கும். மூச்சை மெதுவாக ஊதிவிடச் சொல்வேன். டாக்டர் சொன்னது புரியவில்லையென்றால் "இன்னொரு தரம் கேளு, தப்பில்ல" என்று காதில் சொல்வேன். மிச்ச நேரம் முழுக்க உட்கார்ந்திருப்பேன். அதுதான் பெரிய பங்கு.

சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்காக ஒரு ஆய்வை மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து அரசு மருத்துவமனை ஒன்றில் ஜான் கென்னல், மார்ஷல் கிளாஸ் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்களும் கூட்டாளிகளும் செய்து 1991-இல் வெளியிட்டது. எல்லாருக்கும் தலைப்பிரசவம். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு சிசேரியன் ஆனது. டூலா கூடவே இருந்தவர்களில் 8 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் பலரும் சொல்வார்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு கூட்டம் இருந்தது. அந்த அறைகளில் ஒரு பெண் ஒதுங்கி உட்கார்ந்து குறிப்பு மட்டும் எடுத்தாள், தாயிடம் பேசவில்லை, தொடவில்லை. அங்கே சிசேரியன் 13 சதவீதம். யாரோ ஒருத்தி அறையைவிட்டுப் போகாமல் இருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். அதை முதல்முதலில் படித்தபோது எனக்கு ஆயா ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். 17 நாடுகளில் நடந்த ஆய்வுகளை, 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை, 2017-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதும் பலன் இதே பக்கம்தான் சாய்ந்தது. வலி நேரம் குறைகிறது, சுகப்பிரசவம் கூடுகிறது, பிரசவத்தைக் கசப்போடு நினைக்கிறவர்கள் குறைகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் போவது அரசு ஆஸ்பத்திரிக்கும் மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கும். அங்கே என்னை உள்ளே விடமாட்டார்கள். ஆனால் துணை ஒருத்தரை விடுவார்கள். 2016-இல் மத்திய அரசே அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு அனுமதி கொடுத்தது. துணை பெண் உறவினராக, முடிந்தால் பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். ஆகவே நான் உள்ளே போக முடியாத இடத்துக்கு மாமியாரை அனுப்பப் பழகிக்கொண்டேன்.

(இதில் வருகிற எல்லாரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

சிங்காரவேலர் நகரில் ஒரு வீடு. எட்டாம் மாசம் அந்தப் பெண்ணுக்கு. மாமியார் மீன் வெட்டித் தரும் வேலை செய்கிறவர், வஞ்சிரத்தை ஒரே வெட்டில் துண்டு போடும் கை. முதல் நாள் என்னை வாசலிலேயே வைத்துப் பேசினார். "நாங்க பெறாத புள்ளையா? இவ இன்னா சொல்லித்தரப் போறா?" நான் பதில் சொல்லவில்லை. மருமகளை நாற்காலியில் திருப்பி உட்கார வைத்து, "அம்மா, உங்க கைய இங்க குடுங்க" என்று இடுப்பில் வைத்து அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். அந்தப் பெண் கண்ணை மூடி "அய்யோ அத்த, அப்படியே இருங்க" என்றாள். மாமியார் முகம் மாறியதைப் பார்த்தேன். கல்யாணமான இரண்டு வருடத்தில் அவர் மருமகளின் உடம்பைத் தொட்டது அதுதான் முதல் தடவையாம், பிறகு அவரே சொன்னார்.

வாரம் ஒருமுறை போனேன். எப்போது அழுத்த வேண்டும், எப்போது கையை எடுக்க வேண்டும், என்ன பேசக் கூடாது என்று மூன்று பேரும் பழகினோம். "இதுக்கே இப்படிக் கத்துறியா" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டேன். பிரசவத்தன்று நான் ஆஸ்பத்திரி மரத்தடியில் போனோடு உட்கார்ந்திருந்தேன். பதினாலு மணி நேரம் அந்த அம்மா உள்ளே நின்றார். வெளியே வந்தபோது முழங்கைவரை நடுங்கிக்கொண்டிருந்தது. "பொண்ணு" என்றார். அப்புறம், "என் பிரசவத்துல யாரும் இப்படி என்னைப் புடிக்கலம்மா" என்று சொல்லி அழுதார். இன்றைக்கு அந்தத் தெருவில் யாருக்கு வலி எடுத்தாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

பிள்ளை பிறந்ததும் கூட்டம் எல்லாம் பிள்ளைப் பக்கம் போய்விடும். பெற்றவளைப் பச்ச உடம்புக்காரி என்று சொல்வது நம் வழக்கம். எவ்வளவு சரியான சொல்! ஆறாத காயம், சுட்டு முடியாத மண் மாதிரி ஈரமான உடம்பு. சொல்லை வைத்திருக்கிறோம், அதற்குரிய கவனிப்பைத்தான் கைவிட்டுவிட்டோம். பால் சுறா வாங்கிப் புட்டு செய்து போடுகிற கைகள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன, பூண்டு போட்ட குழம்பு இருக்கிறது. அதெல்லாம் நல்லது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் "வயிறு ஊதிடும்" என்று மறுப்பதும் இருக்கிறது. பால் சுரப்பவளுக்குத் தண்ணீர் மறுக்கலாமா? பிள்ளைக்கு முதல் நாள் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது, மூக்கில் எண்ணெய் ஊற்றுவது, காற்றுப் போகாத ஒற்றை அறையில் சாம்பிராணி மூட்டுவது, இவற்றை ஒவ்வொரு வீட்டிலும் பேசித்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. பெரியவர்களைக் குறை சொல்லிப் பேசினால் ஒன்றும் நடக்காது. "சீம்பால்தான் புள்ளைக்கு மொத தடுப்பூசி ஆயா" என்றால் கேட்டுக்கொள்வார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. திருவொற்றியூர் கார்கில் நகரில் ஒரு பெண் பிரசவம் முடிந்து 3-ஆம் தேதி வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் அம்மா மறுநாள் காலை மீஞ்சூரிலிருந்து ரயிலேறி வருவதாக ஏற்பாடு. அன்று சாயங்காலம் நான் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். இரவெல்லாம் மழை ஊற்றியது. விடிந்தபோது தெருவில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை, ரயில் இல்லை. அம்மா மீஞ்சூரில் மாட்டிக்கொண்டார். புருஷன் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டான். மாடி வீட்டு அறையில் நாங்கள் மூன்று பேர். நானும் அவளும் நாலு நாள் பிள்ளையும்.

மூன்றாம் நாள், நாலாம் நாள்தான் பால் கட்டி மார்பு கல்லாகும். அன்றைக்கு அவளுக்கு அப்படி. பிள்ளை வாய் வைக்க முடியாமல் கத்தியது. பக்கத்து வீட்டம்மா பரிதாபப்பட்டுப் பால் பவுடர் டப்பாவோடு வந்தார். அதைக் கரைக்க நல்ல தண்ணீர் எங்கே? கீழே குழாய், தொட்டி எல்லாம் வெள்ளத்தோடு கலந்துவிட்டது. எண்ணெய் வாடை வேறு. அந்தத் தண்ணீரில் கரைத்த பால் நாலு நாள் பிள்ளைக்கு விஷம். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் மார்பை மெதுவாகத் தடவி, காம்பைச் சுற்றி விரலால் அழுத்தி, கொஞ்சம் பாலைப் பீச்சி மார்பை இளக்கி, பிள்ளையின் வாயை அகலத் திறக்க வைத்துப் பிடித்தோம். ஏழெட்டுத் தடவை தவறியது. பிடித்துக்கொண்டதும் அறை அமைதியானது. அந்த இரண்டு நாளும் அந்தப் பிள்ளைக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் பிரெட்டும் கொஞ்சம் கேன் தண்ணீரும் இருந்தன.

இரண்டாம் நாள் சிக்னல் கிடைத்ததும் அவள் அம்மாவிடம் பேசினோம். அவருக்குச் சொந்த ஊர் திருச்சிப் பக்கம். "தாயுமானவர் மாதிரி நீ வந்தியேம்மா" என்று போனில் அழுதார். அந்தக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். மகள் பிரசவத்துக்குக் கிளம்பிய தாய் காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே நின்றுவிட, சிவன் அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்து, கூட இருந்து, வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்ததும் மறைந்துபோனார். என்னைச் சாமியோடு சேர்த்துச் சொன்னது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அன்றிரவு மெழுகுவத்தி வெளிச்சத்தில் கதையை யோசித்துப் பார்த்தேன். அவர் நினைத்திருந்தால் வெள்ளத்தை வடிய வைத்திருக்கலாம், வலியே இல்லாமல் செய்திருக்கலாம். அதெல்லாம் செய்யவில்லை. பெண்ணாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தாய் வந்ததும் எழுந்து போய்விட்டார். எழுந்து போகத் தெரிவதும் இந்த வேலையில் பாதி. மூன்றாம் நாள் அவள் அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்ததும் நான் பையை எடுத்துக்கொண்டேன்.

வெள்ளம் வராத வீடுகளிலும் பெண்கள் மூழ்குகிறார்கள். பிரசவமான முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வரும், அது பலருக்கும் வரும், இரண்டு வாரத்தில் தெளியும். அதைத் தாண்டியும் தூக்கமில்லை, பிள்ளையைத் தொடப் பிடிக்கவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்று இருந்தால் அது நோய், வைத்தியம் உண்டு. யாரோ பேசுகிற குரல் கேட்கிறது, பிள்ளை மேல் விபரீத எண்ணம் வருகிறது என்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் இதைக் காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். கயிறு கட்டுவதை நான் தடுப்பதில்லை, கட்டிக்கொண்டே டாக்டரிடமும் போவோம் என்பேன். அரசு மருத்துவ உதவிக்கு 104, மனநல உதவிக்கு 14416, இந்த இரண்டு போன் எண்ணையும் எழுதி அவர்கள் வீட்டு காலண்டரில் ஒட்டிவிட்டு வருவேன். அதே தாளில், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், காய்ச்சல் அடித்தால், கண் மங்கித் தலைவலித்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே ஆஸ்பத்திரி என்றும் எழுதியிருப்பேன்.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன்.

என் பையில் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து வைத்த மெல்லிய துணி ஒன்று எப்போதும் இருக்கும். பிறந்த பிள்ளையைச் சுற்ற இதைவிட மெதுவான துணி கிடையாது என்பார் அம்மா. உயிரோடு பிறந்தாலும் இல்லாவிட்டாலும் அதே துணிதான். மிக்ஜாம் வெள்ளத்தின்போது இறந்து பிறந்த ஒரு குழந்தையின் உடலை அட்டைப் பெட்டியில் வைத்துத் தகப்பனிடம் கொடுத்த செய்தி வந்தது ஞாபகம் இருக்கும். அன்றைக்கு அந்தத் துணியைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கொருக்குப்பேட்டைப் பெண் அவள். தையல் கம்பெனியில் வேலை. 36-ஆவது வாரம். இரண்டு நாளாகப் பிள்ளை அசைவு குறைவு என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். "மாசம் நெருங்கினா அப்படித்தான், இடம் இல்லாம அடங்கிடும்" என்றிருக்கிறார்கள். அது தப்பு. கடைசி நாள் வரைக்கும் பிள்ளை அசையும். குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ராத்திரியானாலும். எனக்குப் போன் வந்தபோது ஸ்கேனில் துடிப்பு இல்லை என்று சொல்லியாகிவிட்டது.

பலருக்கும் தெரியாது, இறந்த பிள்ளையையும் பெற்றுத்தான் ஆக வேண்டும். மருந்து வைத்து வலி வரவழைத்தார்கள். அதே வலி, அதே மூச்சு, அதே இடுப்பு அழுத்தம். முடிவில் அழுகைச் சத்தம் வராது என்று அறையில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பதினெட்டு மணி நேரத்தில் நான் அவளிடம் சொன்ன சொற்கள் பத்துப் பதினைந்து இருக்கும். "அடுத்தது பொறக்கும்", "வயசு இருக்கு", "ஊனமா பொறக்காம போச்சேன்னு நெனச்சுக்கோ" என்று வந்தவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்லவில்லை, அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் சொல்கிறார்கள். இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அழுதால் அழட்டும்.

பெண் பிள்ளை. முழுசாக இருந்தாள், நகம்கூட வளர்ந்திருந்தது. "முகத்தைக் காட்டாதீங்க, மறக்க மாட்டா" என்றார் ஒரு பெரியம்மா. பார்க்காவிட்டால் மட்டும் மறந்துவிடுவாளா? நான் அவளிடமே கேட்டேன். "பாக்கணுமா, வேணாமா? இப்ப வேணாம்னா அப்பறம் கேளு. எது சொன்னாலும் சரி." கால் மணி நேரம் கழித்துக் கேட்டாள். வேட்டித் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தேன். விரலை எண்ணினாள். மூக்கு அவர் மாதிரி என்றாள். காலில் மை தடவி ஒரு தாளில் அச்சு எடுத்து, ஒரு கவரில் போட்டு என்னிடம் வைத்துக்கொண்டேன். வேண்டும் என்று கேட்கும்போது கொடுக்க. ஏழு வாரம் கழித்துக் கேட்டாள்.

அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிற வார்டிலேயே படுக்க வைத்தார்கள். இரண்டு பக்கமும் பிள்ளைகள் அழுதன. வேறு அறை கேட்டேன், கிடைக்கவில்லை. கட்டிலைச் சுற்றி என் துப்பட்டாவைத் திரையாகக் கட்டினேன். இதை இன்னமும் என்னால் ஆறவிட முடியவில்லை.

பிள்ளை போனது மார்புக்குத் தெரியாது. மூன்றாம் நாள் பால் வந்தது. நைட்டி நனைந்து நின்றாள், "அக்கா, இது யாருக்கு?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் செய்ய வேண்டியது தெரியும். முழுக்கப் பீச்சி எடுக்கக் கூடாது, எடுக்க எடுக்கச் சுரக்கும். தாங்க முடியாத அளவுக்குக் கனத்தால் கொஞ்சம் மட்டும். குளிர்ந்த துணி, சரியான அளவு உள்ளாடை, டாக்டர் தருகிற மாத்திரை. பாலைக் கொடுத்துவிட நினைக்கிறவர்களும் உண்டு, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. அவளுக்கு அது முடியவில்லை. மல்லிப்பூ வைத்துக் கட்டலாம் என்றார் அவள் அம்மா. நம் ஊரில் காலம்காலமாகச் செய்வது. 1988-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதையே ஆய்வு செய்து, மல்லிகைச் சரம் மார்பில் கட்டிய பெண்களுக்கும், பால் நிறுத்தும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் பால் அநேகமாக ஒரே மாதிரி குறைந்ததாக எழுதியிருக்கிறார்கள்.

வண்ணாரப்பேட்டை மார்க்கெட்டில் பூ வாங்கப் போனேன். நாலு முழம் நெருக்கமாகக் கட்டிய சரம் கேட்டேன். பூக்காரம்மா அளந்துகொண்டே "இன்னா விசேஷம்?" என்றார். என்ன சொல்வது? பால் நிறுத்த என்றேன். அவர் கை நின்றது. நாலு முழத்தை வெட்டாமல் சரத்தை அப்படியே இலையில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "எனக்கும் எங்கம்மா கட்டினாங்க" என்றார். அவருக்கு எழுபது வயதாவது இருக்கும்.

சரத்தை மார்பில் சுற்றிக் கட்டினோம். வளைகாப்பு அன்று தலையில் வைத்திருந்த அதே பூவின் வாசம். வாடியதும் மாற்றினோம். நாலைந்து நாளில் பால் வற்றியது.

கம்பெனியில், குழந்தைதான் இல்லையே, ஒரு மாசத்தில் வேலைக்கு வா என்றார்கள். அப்போது நடப்பில் இருந்த 1961-ஆம் வருடத்துப் பேறுகாலச் சலுகைச் சட்டத்தை நானும் அவள் புருஷனும் உட்கார்ந்து படித்தோம். கரு கலைந்தால் 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. இவளுடையது கலைந்தது இல்லை, பிரசவம். அந்தச் சட்டத்தின் மூன்றாவது பிரிவில், 'குழந்தை' என்றால் இறந்து பிறந்த குழந்தையும் சேர்ந்ததுதான் என்று எழுதியிருந்தது. அதை அவன் இரண்டு தடவை படித்தான். சட்டமே என் பிள்ளையைப் பிள்ளைன்னு சொல்லுதேக்கா என்றான். தாளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினான், முழு விடுப்பும் கிடைத்தது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும் இறந்து பிறந்த குழந்தையைப் பதிவு செய்யச் சொல்கிறது. அதையும் செய்தார்கள்.

எங்கள் ஆயாவுக்கு உயிரோடு இருந்த பிள்ளைகள் நாலு பேர். யார் கேட்டாலும் "ஏழு" என்பாள். தாத்தா நாலு என்பார். கணக்கெடுக்க வந்தவர்கள் முன்னாலேயே இரண்டு பேரும் சண்டை போட்டிருக்கிறார்கள். "நீ பெத்தியா?" என்று கேட்டு ஆயா அவரை வாயடைத்துவிடுவாள். அந்த மூன்று பேருடைய பெயரும் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறாள்.

கொருக்குப்பேட்டையில் யாரும் பெயர் சொல்லவில்லை. புருஷன் அழுது நான் பார்க்கவேயில்லை. ஆம்பளைக்கு யார் துணை? அவனோடு டீக்கடையில் நின்று பேசப் பழகினேன். ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேச மாட்டார்கள், பக்கத்தில் நின்றால் பேசுவார்கள். ஒருநாள் கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பிள்ளையை மச்சானோடு பைக்கில் எடுத்துப்போய் மூலக்கொத்தளத்தில் புதைத்தானாம். பின்னால் உட்கார்ந்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனானாம். சிக்னலில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரர் "புள்ளைக்கு வெயில் படுது தம்பி, மூடிக்கோ" என்றாராம். மூடினானாம். இதை வீட்டில் சொல்லவில்லை, அவள் தாங்க மாட்டாள் என்று. அவள் என்னிடம் தினமும் கேட்டது ஒன்றே ஒன்று, "எங்க வெச்சாங்கன்னு கூட எனக்குத் தெரியாதேக்கா."

"அவகிட்ட சொல்லுப்பா" என்றேன்.

இரண்டு மாசம் கழித்து மூன்று பேரும் மூலக்கொத்தளம் போனோம். மழைக்குப் புல் மண்டியிருந்தது, இடம் அவனுக்குப் பிடிபடவில்லை. பதறினான். அங்கே வேலை செய்கிற பெரியவர் வந்து, பிள்ளைகளை வைக்கிற பக்கம் இது, நீ வந்தது எனக்கு ஞாபகம் இருக்கு என்று ஒரு வேப்பங்கன்றைக் காட்டினார். அவள் உட்கார்ந்து புல்லைக் கையால் பிடுங்கினாள். எதில் சுற்றி வைத்தாய் என்று கேட்டாள். அக்கா கொடுத்த துணி என்றான். முகத்தை மூடினாயா? "கடசில தான் மூடினேன். அதுவரைக்கும் மூடல." அவள் அவன் தோளில் சாய்ந்தாள். நான் கொஞ்சம் தள்ளிப்போய் அந்தப் பெரியவரோடு நின்றுகொண்டேன்.

போன மாசம் அவள் என்னைக் கூப்பிட்டாள். நாள் தள்ளியிருக்கிறது. பதிவு செய்ய ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். நர்ஸ் பெயர், வயது, விலாசம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார்.

"மொத கொழந்தையா?"

கூட்டத்தில் அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிள்ளை யாரும் கூட வரவில்லையே, எழுதிவிட்டார்.

"ரெண்டாவது சிஸ்டர்" என்றாள் அவள். "மூத்தவ பொறக்கும்போதே இல்ல. ஆனா இது ரெண்டாவது."

நர்ஸ் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு எழுதிய 1-ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 2 என்று எழுதினார். நாங்கள் போய் ரத்தம் கொடுக்கிற வரிசையில் நின்றோம்.